எரிந்தால் உட்கார்

சுண்டியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவள் என் மருமகள் செவ்வந்திதான். அதனால் அதைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு. வேறு எவனாவது திட்டினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால், எலும்பின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெயில் பட்டால் போதும், அதுபாட்டுக்கு ஓடும். கம்பெனிக்காரன் வைத்த பெயர் என் வாயில் நுழையாது. ஊர் வைத்த பெயர் சுண்டி. மனது கோணலாகப் போனால் எலும்பில் ஒரு சுண்டு சுண்டும். வெளிப்பக்கம் சிவப்பாக ஒரு புள்ளி எரியும். சுண்டுவது நமக்கு மட்டும் தெரியும். எரிவது எதிரே நிற்கிறவனுக்குத் தெரியும்.

நாகப்பட்டினத்தில் அதற்கென்று பயிற்சி கொடுத்து, ஊருக்கு ஒரு ஆள் என்று வேலைக்கு வைத்தார்கள். எங்கள் நண்டுமேட்டுக்கு செவ்வந்தி. பயிற்சி முடித்து ஒரு டப்பா நிறைய சுண்டியோடு வந்து இறங்கினாள்.

"கோணலாப் போறதுன்னா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"ஆசைப்பட்டு நம்புறது மாமா. பயந்துக்கிட்டு நம்புறது. ஊரே சொல்லுதேன்னு நம்புறது. வாய விட்டுட்டோமேன்னு சொன்னதையே புடிச்சுக்கிட்டுத் தொங்குறது. அப்பல்லாம் மூளை ஓடுற விதமே வேறயாம். அதை இது மோப்பம் புடிச்சிடும்."

"நெசம் எது, பொய் எதுன்னு சொல்லிடுமா?"

"அது சொல்லாது. நாம எப்படி யோசிக்கிறோம்னு மட்டுந்தான் சொல்லும்."

"அப்பறம் அது என்னாத்துக்கு?"

என் மகன் தென்னரசு வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே சிரித்தான். "அப்பாவுக்கு மட்டும் ஒட்டிடாத செவ்வந்தி. ஒரே நாள்ல காது ஓட்டையாயிடும்."

"போடா" என்றேன்.

அவன் சொன்னதில் தப்பு இல்லை. நான் மூன்றாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவன். எவன் சொன்னதையும் நம்பியது கிடையாது. வானிலை சொல்கிறவனை நம்ப மாட்டேன், ஐஸ்கட்டி அளந்து போடுகிறவனை நம்ப மாட்டேன், ஓட்டுக் கேட்டு வருகிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம்பாதவனை எவனும் ஏமாற்ற முடியாது என்பது என் எண்ணம். என் மண்டைக்குக் காவலாக ஒரு கொட்டை எதற்கு? நான் ஒட்டிக்கொள்ளவில்லை. மகனும் மருமகளும், பிறகு ஊரில் முக்கால்வாசிப் பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

நல்லது செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் செல்லையன் வலை கிழிந்து வந்தது. வடக்கூர்க்காரன்தான் அறுத்தான் என்று செல்லையன் கத்த, ஆளுக்கொரு கட்டையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். முன்பு ஒருமுறை இப்படிப் போய் ஒரு உயிரைக் கொடுத்துவிட்டு வந்த ஊர் இது. செவ்வந்தி குறுக்கே போய் நின்றாள்.

"அறுத்ததைப் பாத்தீங்களா சித்தப்பா?"

"பாக்கணுமா? வேற எவன் அறுப்பான்?"

"எரியுது சித்தப்பா."

"எரியட்டும்!"

"உங்களுக்கு மட்டும் இல்ல. வரிசையா எல்லார் காதும் எரியுது. கார்த்திகை தீபம் கணக்கா இருக்கு. உக்காருங்க."

எவனோ சிரித்துவிட்டான். சிரிப்பு வந்தபின் சண்டைக்கு எங்கே போவது? மறுநாள் பார்த்தால் செல்லையன் படகு விசிறியிலேயே வலையின் துண்டு சுற்றிக் கிடந்தது. அவன் வலையை அவனே அறுத்திருக்கிறான்.

அன்றிலிருந்து ஊர்க்கூட்டத்துக்கு ஒரு சட்டம் வந்தது. பேசுகிறவன் சுண்டி ஒட்டிக்கொண்டு பேச வேண்டும். எரிந்தால் உட்கார வேண்டும். தலைவரானாலும் சரி. ஒட்டாதவன் பேச்சு எடுபடாது. அதாவது என் பேச்சு. பொம்பளைகளைக் கூட்டத்துக்குள் விடாத ஊர், செவ்வந்திக்கு மட்டும் முன்வரிசையில் இடம் போட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் தென்னரசும் குணாளனும் கடலுக்குப் போனார்கள். குணாளன் அவன் கூட்டாளி, என் ஒன்றுவிட்ட தம்பி மகன். போன மறுநாள் திடீரென்று காற்று அடித்தது. மற்ற படகெல்லாம் ஒவ்வொன்றாகக் கரை வந்தது. அவர்கள் படகு வரவில்லை. ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் இரைச்சல்தான் வந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படகு கரை திரும்பவில்லை என்றால் ஒருத்தனும் தொழிலுக்குப் போகக் கூடாது. எல்லாப் படகும் தேடத்தான் போகும். எதுவரைக்கும் என்றால், கடல் ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும். ஆள் கிடைத்தால் சரி. இல்லையென்றால் ஒரு பலகை, ஒரு மிதவை, ஒரு செருப்பு, ஏதோ ஒன்று கரை ஒதுங்க வேண்டும். அப்படி ஒன்றும் வராமல் தேடுவதை நிறுத்தியது எங்கள் ஊரில் நடந்ததே இல்லை.

தேடினார்கள். அரசாங்கத்து ஹெலிகாப்டரும் வந்து சுற்றிவிட்டுப் போனது. ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. ஒன்றும் ஒதுங்கவில்லை. அப்போதுதான் கூட்டம் போட்டார்கள்.

மாரியம்மன் கோயில் வாசலில் மத்தியானம் கூடினோம். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் எழுந்து மண்டபத்துக்குள் போய் நெருக்கி உட்கார்ந்தோம். அந்த மழையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராஜமாணிக்கம் எழுந்தான். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊருக்கு ஒரு கெடுதலும் செய்யாதவன்.

"கடல்ல இன்னொரு காத்தழுத்தத் தாழ்வு உருவாயிருக்கு. நாளன்னிக்கு நம்ம பக்கம் திரும்பலாம்ங்கிறான் வானிலைக்காரன். அந்த நேரத்துல நம்ம படகெல்லாம் ஆழத்துல கெடந்தா, ரெண்டு பேருக்காக நாப்பது அம்பது பேரைக் குடுக்கணும். தென்னரசு என் மடியில வளந்த புள்ளை. ஆனா இத்தனை நாளு குடிக்கத் தண்ணி இல்லாம ஒரு மனுசன் உசுரோட இருக்க முடியாது. நான் சொல்றது அவ்வளவுதான்."

மண்டபமே அவன் காதைப் பார்த்தது. எரியவில்லை.

குணாளனின் அப்பா எழுந்தான். "இன்னும் ஒரே ஒரு நாளு" என்றான். எரிந்தது. அழுதுகொண்டே உட்கார்ந்தான்.

தலைவர் குப்புராஜ் எழுந்தார். "ஒண்ணுமே ஒதுங்கலையேப்பா. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?" அவருக்கும் எரிந்தது. பழசைப் பிடித்துக்கொண்டு தொங்கினாலும் அது சுண்டும். அவரே காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி" என்று உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன்.

"அஞ்சப்பண்ணே, ஒட்டிக்கிட்டுப் பேசுங்க" என்றார்கள்.

டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒட்டிக்கொண்டேன். "உங்க எல்லாருக்கும் உசுரு மேல பயம்டா" என்றேன். சுண்டியது. "ராஜமாணிக்கத்துக்கு எம்மேல பழைய காய்ச்சல்" என்றேன். சுண்டியது. இத்தனை வருசம் நான் புத்தி என்று நினைத்திருந்ததெல்லாம் வெறும் பழக்கம் என்று அந்தக் கொட்டை சொன்னது. கிடக்கட்டும். கடைசியாக, "எம்புள்ளை உசுரோட இருக்கான்" என்றேன். சுண்டிய சுண்டில் பல்லெல்லாம் அதிர்ந்தது.

ராஜமாணிக்கம் தன்மையாகத்தான் கேட்டான். "எப்படிண்ணே தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? காற்றும் தெரியாது, நீரோட்டமும் தெரியாது. நான் ஒன்றும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. பிள்ளை வேண்டும் எனக்கு, அவ்வளவுதான். உட்கார்ந்தேன்.

செவ்வந்தி எழுந்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் சொன்னால் ஊர் கேட்டிருக்கும். எரிந்தாலும் கேட்டிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். புருசனைத் தேடுங்கள் என்று ஒரு பெண் கேட்டால் முடியாது என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்? ஆனால் அவள் வாயைத் திறக்கும் முன்பே புள்ளி எரிந்தது. கையைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தாள். எத்தனை பேரை உட்காரச் சொன்னவள் அவள்.

"எரியுது" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

தேடுவதை நிறுத்தினார்கள். தேடப் போயிருந்த படகுகளுக்கு ஒயர்லெஸ்ஸில் சொன்னார்கள். சாயந்திரத்துக்குள் எல்லாம் கரை வந்தது.

அந்தத் தாழ்வு எங்கள் பக்கம் வரவில்லை. ஒரிசா பக்கம் போய்விட்டது. அதற்காக ராஜமாணிக்கத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். வந்திருக்கவும் கூடும்.

ஒன்றும் ஒதுங்காததால் எந்தச் சடங்கும் செய்யவில்லை. செவ்வந்தி தினம் காலையில் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தாள். போகும்போது காதில் சிவப்பாக எரிந்துகொண்டு போகும். வரும்போது அணைந்திருக்கும்.

தை பிறந்தபின் இலங்கையிலிருந்து தகவல் வந்தது. குணாளன் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கடலில் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்தவனை சிங்களத்து மீனவர்கள் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். காய்ச்சலில் பேர்கூடச் சொல்லத் தெரியாமல் கிடந்திருக்கிறான். நினைவு திரும்பி அவன் சொன்னபின் தேடியதில் படகு கிடைத்தது. என் மகனும் அதில் கிடந்தான். பெட்டியில் கொண்டுவந்தார்கள், திறக்க வேண்டாம் என்றார்கள். அவன் அரைஞாண் கயிற்றையும் சுண்டியையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள்.

காரியம் முடிந்தபின் குணாளன் வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். செவ்வந்தி அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சொல்லு" என்றேன்.

"வேணாம் பெரியப்பா."

"சொல்லுங்க தம்பி" என்றாள் செவ்வந்தி. "எதையும் மறைக்காதீங்க."

"எஞ்சின் போச்சு அண்ணி. ஒயர்லெஸ்ஸு நனைஞ்சு போச்சு. ஆனா தண்ணிக்குப் பஞ்சமில்ல. நாளுக்கு ஒரு மழையாவது பேஞ்சுச்சு. தார்ப்பாய விரிச்சுப் புடிச்சோம். அண்ணன் குளிக்கவே குளிச்சாரு."

நான் செவ்வந்தியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

அந்தக் கூட்டத்தில் மழைக்கு ஒதுங்கித்தான் மண்டபத்துக்குள் போனோம். தலை நனைந்துதான் உட்கார்ந்திருந்தோம். குடிக்கத் தண்ணீர் இருக்காது என்று ராஜமாணிக்கம் சொன்னபோது, மழை பெய்கிறதே என்று கேட்க ஒரு ஆள் இல்லை. ஓயாமல் சந்தேகப்படுகிற நானும் கேட்கவில்லை. எல்லோரும் அவன் காதைப் பார்த்தோம். அவன் சொன்னதை எவனும் பார்க்கவில்லை.

"நம்ம படகுங்களைப் பாத்தோம் பெரியப்பா" என்றான் குணாளன். "ரொம்ப தூரத்துல, எள்ளு எறைச்ச மாதிரி. கைலிய அவுத்து ஆட்டினோம். நம்ம பக்கந்தான் வந்துக்கிட்டிருந்துச்சு. திடீர்னு எல்லாம் ஒண்ணா மூக்கைத் திருப்பிக்கிட்டுப் போயிடுச்சு."

செவ்வந்தி தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எனக்கு அழுகை வந்துடுச்சு. அண்ணன் அழல. டீசல் போடப் போறானுங்கடா, நாளைக்கு இன்னும் கிட்ட வருவானுங்கன்னாரு. ஒரு சாமானாவது கரை ஒதுங்கணும், அதுவரைக்கும் ஊரு தேடும், எந்தக் காலத்துலயும் நிறுத்தினதில்லன்னாரு. நான் அவரு காதைப் பாத்தேன். எரியல."

"எரியலையா?"

"துளிகூட எரியல அண்ணி. அப்படித் தெளிவா இருந்தாரு. கேனுல துணியைக் கட்டி மிதக்கவிடுவோம், எவனாவது பாப்பான்னேன். கூடவே கூடாதுன்னுட்டாரு. அது கரை ஒதுங்கினா ஊரு தேடுறதை நிறுத்திடும், கடல்ல ஒரு சாமான் விழக் கூடாதுன்னு எல்லாத்தையும் கயித்தப் போட்டுக் கட்டி வச்சாரு. செருப்பக்கூட."

நான் எழுந்துபோய் வேலிப் பக்கம் நின்றுகொண்டேன். காது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பறம் ரெண்டு மூணு நாளு கழிச்சு ஒரு கப்பல் போச்சு, பகல்ல. நீந்திடலாம்னேன். எனக்கு ஒரே நடுக்கம், மண்டைல விடாம சுண்டுது. எரியுதுடா, பயத்துல பேசுற, உக்காருடான்னு சிரிச்சாரு. நம்ம கூட்டத்துல சொல்ற மாதிரியே சொன்னாரு. நான் உக்காரல. கேனை எடுத்துக்கிட்டுக் குதிச்சுட்டேன். கப்பல்காரன் என்னைப் பாக்கவே இல்ல. திரும்பலாம்னா நீரோட்டம் இழுத்துடுச்சு. அண்ணன் படகு மேல நின்னுக்கிட்டு, கேனை வுட்றாதடா, கேனை வுட்றாதடான்னு கத்துனாரு. நான் முழுகிடக் கூடாதுன்னு கத்துனாரா, கேனு கரைக்குப் போயிடக் கூடாதுன்னு கத்துனாரான்னு எனக்கு இன்னும் தெரியல பெரியப்பா."

குணாளன் போன பிறகும் நான் வேலியோரமே நின்றேன். என் மண்டையில் ஏறியது இவ்வளவுதான். புருசன் உயிரோடு இருக்கிறான் என்று செவ்வந்தி ஆசைப்பட்டு நினைத்தாள். எரிந்தது. அதுதான் நிஜம். ஊர் வரும் என்று தென்னரசு யோசித்துத் தெளிவாக நினைத்தான். எரியவில்லை. அது பொய்யாகிவிட்டது. பொய்யாக்கியது நாங்கள். நெசம் எது பொய் எது என்று அது சொல்லாது என்று, டப்பாவைக் கொண்டுவந்த அன்றைக்கே அவள் சொன்னாள். நான்தான் கேட்டேன், அவள்தான் சொன்னாள். பிறகு இரண்டு பேருமே மறந்துபோனோம், ஊரோடு சேர்ந்து.

ஊரில் பாதிப் பேர் சுண்டியைக் கழற்றிக் கடலில் வீசினார்கள். ராஜமாணிக்கம் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. கூட்டம் போட்டால் இப்போது பழையபடி கத்துகிறார்கள். வடக்கூரோடு மறுபடி ஒரு சண்டை வந்து, ஒருத்தனுக்குக் கை போனது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

செவ்வந்தி மட்டும் கழற்றவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அவள் அம்மா வந்து கூப்பிட்டும் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் கொல்லையில் உட்கார்ந்திருந்தாள். காதுப் புள்ளி விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"கழட்டித் தூரப் போடும்மா" என்றேன்.

"நாந்தான் அவரைக் கொன்னேன்னு நெனைச்சா சுண்டுது மாமா" என்றாள். "சரி, அப்ப நான் கொல்லலைன்னு நெனைச்சுப் பாத்தேன். அதுக்கும் சுண்டுது."

வாய்க்கு வந்ததைச் சொல்லி ஆறுதல் படுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. அவளும் அப்படிச் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. உள்ளே போய் அந்தப் பையை எடுத்துவந்தேன். தென்னரசின் சுண்டியை எடுத்து வேட்டியில் துடைத்தேன். வெயிலில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு என் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

"என்ன மாமா பண்றீங்க?"

"நீ கொல்லல" என்றேன்.

எலும்பில் நறுக்கென்று விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையைத் திருப்பிக் காதைக் காட்டினேன்.

"பாரு. எரியுதா?"

எழுந்து வந்து பார்த்தாள். கிட்டே குனிந்து, நிறைய நேரம் பார்த்தாள். உறவுக்காரன், வேண்டாதவன் என்று பார்க்காமல், எரிகிறது என்றால் எரிகிறது என்று எத்தனை பேர் முகத்துக்கு நேராகச் சொன்னவள்.

"எரியல மாமா" என்றாள்.

"நல்லாப் பாரு. இன்னொரு தடவை சொல்றேன். நீ கொல்லல."

மறுபடியும் விழுந்தது. முன்னைவிடப் பலமாக.

"எரியல" என்றாள். எரிந்தும் எரியவில்லை என்கிறாளா, கடலில் கிடந்ததில் அந்தப் புள்ளி செத்துப்போயிருந்ததா, நான் கேட்கவில்லை.

"அப்பறம் என்ன? வா, சோறு போடு. எனக்குப் பசிக்குது."

போட்டாள். எனக்கும் போட்டு, தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். முதல் கவளத்தை மென்று முழுங்கினாள். அவள் காதை நான் பார்க்கவில்லை.